கண்ணாடி பீரோவுக்குள்ள ஒரு புல்லர்

காப்பிப் பழம் குவிஞ்சு கெடந்து லேசா புளிக்க ஆரம்பிக்கிற வாசம் தெரியுமா உங்களுக்கு? இனிப்பும் கள்ளும் கலந்த மாதிரி...

இன்னிக்கும் அந்த வாசம் மூக்குல பட்டா எனக்கு காப்பி ஞாபகம் வராது. கோவம்தான் வரும்.

ஏற்காட்டுல, வாழவந்தி போற வழியில ஒரு எஸ்டேட். நானும் காசிமும் அங்க ஃபிட்டருங்க. பழத்தோட தோல உரிக்கிற பல்ப்பர் மெஷின் எங்க பொறுப்பு. காசிமோட அப்பா டவுன்ல சைக்கிள் கடை வெச்சிருந்தார். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. மாப்ள, மாப்ளன்னுதான் கூப்பிட்டுக்குவோம்.

அந்த மெஷின்ல ஒரு பேரிங், மூடுன குழிக்குள்ள உக்காந்திருக்கும். பின்னாடி ஓட்டை கெடையாது. தட்டித் தள்ள வழியில்ல. உள்ள நுழைஞ்சு, விரிஞ்சு, பிடிச்சு இழுக்கிற டூல் வேணும். இன்டர்னல் புல்லர்னு பேரு.

கெஞ்சிக் கூத்தாடி அதுக்கு சாங்ஷன் வாங்கினோம். சேலத்துல கடைக்காரர் மூணு கால் புல்லர எடுத்து நீட்டி எல்லாம் ஒண்ணுதான்னார். அது வெளிய இருந்து கவ்வி இழுக்கிறதுங்க... உள்ள இருக்கிற பேரிங்குக்கு அதால என்ன பிரயோஜனம்? காசிம் விடல. பழைய பேரிங்க பையிலயே கொண்டு வந்திருந்தான். அதோட ஓட்டைக்குள்ள ஒவ்வொரு சைஸா விட்டு, விரிச்சா பின்விளிம்புல சரியா மாட்டுதான்னு பாத்துப் பாத்து எடுத்தான். பொண்ணு பாக்கப் போனவன் கூட அவ்ளோ நேரம் எடுத்துக்க மாட்டான்.

மரப்பெட்டி, உள்ள சிவப்பு வெல்வெட்டு. அதுதான் வெனையாப் போச்சு.

வெள்ளக்காரன் போயி எத்தனையோ வருஷம் ஆயும் எங்க எஸ்டேட்ல மேனேஜருக்கு தொரைன்னுதான் பேரு. தொரைக்கு அந்தப் பெட்டிய நொம்பப் புடிச்சுப் போச்சு. எங்ககிட்ட குடுத்தா தொலைச்சிருவோமாம். ஆபீஸ்ல கண்ணாடி பீரோவுல, அவர் டென்னிஸ்ல வாங்கின கோப்பை பக்கத்துல வெச்சுப் பூட்டிட்டார். வர்ற விருந்தாளிக்கெல்லாம் காட்டுவார். பல்ப்பர் பக்கம் அது ஒரு நாள் கூட வரல.

நல்ல அறுவடை சமயம். கரடியூர் ஆளுங்க பறிச்ச பழம் மலையா குவிஞ்சு கெடக்கு. அன்னிக்கே தோல் உரிக்கலைன்னா புளிச்சு வீணாயிரும். சரியா அப்பத்தான் அந்த பேரிங் இறுகிப் போச்சு.

தொரை சேலத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், சாவியோட. ஃபோன் கெடைக்கல. ஆபீஸ்ல கணக்கு எழுதுற ரைட்டர்கிட்ட பீரோவ எப்படியாவது தொறங்கன்னு கேட்டோம்.

"கண்ணு, தொரை இல்லாம அதத் தொட்டா என்ற வேலை போயிரும். உளிய வெச்சு சும்மா ரெண்டு தட்டு தட்டி எடு கண்ணு."

பேரிங் எஃகு நொம்பக் கெட்டி. கெட்டியான எஃகு மேல சுத்தியல் விழுந்தா அது வளையாது, தெறிக்கும். காசிம் இத சொன்னான். சொல்லியும் ரைட்டர் நகரல. பழம் புளிச்சா உங்க தலையிலதான் விடியும்னார். காசிம் உளிய எடுத்தான்.

எங்களுக்குக் கண்ணுல போட்டுக்க ஒரு கண்ணாடி கெடையாது. பீரோவுக்கு இருந்துச்சு.

மூணாவது அடியில ஒரு சில்லு தெறிச்சுது. காசிம் சுத்தியல மெதுவா கீழ வெச்சுட்டு, வலது கண்ண ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு உக்காந்தான்...

பழம் கொண்டு வந்த லாரியிலயே அவன ஏத்தி, வளைவு வளைவா எறக்கி சேலத்துக்கு அனுப்பினோம். நானும் ஏறப் போனேன். ரைட்டர் என் கையப் புடிச்சார்.

"நீயும் போயிட்டா எப்படி கண்ணு? பாதி வந்துருச்சில்ல, இன்னும் ரெண்டே தட்டு."

அதே சுத்தியல எடுத்தேன். நேரா ஆபீஸுக்கு நடந்தேன். தட்டினேன், ரெண்டே தட்டு... பீரோ கண்ணாடி மேல.

புல்லர எடுத்துட்டு வந்து உள்ள விட்டு, பின்விளிம்ப முழுசா புடிக்கிற வரைக்கும் டைட் பண்ணினேன். அரைகொறையா புடிச்சா வழுக்கி மூஞ்சிக்கு வரும். புல்லரோட கம்பியில ஓடுற இரும்புக் குண்ட சாயாம நேரா இழுத்து இழுத்து அடிச்சேன். ஒரு டீ குடிக்கிற நேரம் கூட ஆகல. பேரிங் சத்தமில்லாம வந்து கையில விழுந்துச்சு. எனக்கு அழுகைதான் வந்துச்சு.

மறுநாள் தொரை வந்தார். கம்பெனி சொத்த சேதம் பண்ணினதுக்கு எனக்கு மெமோ. காசிம் விஷயம் கவனக்குறைவுன்னு ஒரே வார்த்தையில முடிஞ்சுது. கண்ணு போனதுக்கு ஒரு கேள்வி இல்ல, கண்ணாடி போனதுக்கு விசாரணை! அந்தக் காகிதத்த மேஜையிலயே வெச்சுட்டு வந்தவன்தான், திரும்பிப் போகல.

இப்ப டவுன்ல என் டூவீலர் ஒர்க்ஷாப்ல, நான் சொந்தமா வாங்கின ஒரு புல்லர் வாசப்பக்கம் ஆணியில தொங்குது. அதே ஆணியில கண்ணுக்குப் போடுற கண்ணாடியும். யார் வேணும்னாலும் எடுக்கலாம், பூட்டு கெடையாது. ஆனா கண்ணாடி போடாம புல்லரத் தொட்டா என்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்குவாங்க.

அந்த எஸ்டேட் இப்ப ரிசார்ட் ஆயிருச்சு. போன மாசம் தெரிஞ்சவங்க ஊட்டு ரிசப்ஷன் அங்கதான். காசிமும் நானும் போனோம். பல்ப்பருக்கு பச்சை பெயிண்ட் அடிச்சு, பூச்செடி நட்டு வெச்சிருக்காங்க. ஜனங்க பக்கத்துல நின்னு செல்ஃபி எடுக்கிறாங்க. உள்ள போனா... லைட்டு போட்ட கண்ணாடிப் பெட்டி. சிவப்பு வெல்வெட்டு. அதே புல்லர்.

எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. காசிம் என் தோள்ல கைய வெச்சு அழுத்தினான். இருக்கிற ஒத்தக் கண்ணால அத நல்லா உத்துப் பாத்தான். அப்புறம் கவுன்டர்ல இருந்த பொண்ணுகிட்ட நொம்பப் பணிவா கேட்டான்:

"ஏனுங்க... இதோட சாவி இப்ப யாருகிட்டங்க இருக்குது?"