அம்மா பார்க்காத தேர்

பாகூர்ப் பக்கத்தில் வக்கீல் என்றால் வரப்புத் தகராறு, பாகப் பிரிவினை, அவ்வளவுதான். அதனால் என் அம்மாவைத் தேடி வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம், "பக்கத்துக் கொல்லைக்காரன் வரப்பைத் தள்ளிப் போட்டுட்டான்மா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அம்மா மோர் கொடுத்து உட்கார வைத்து, "நான் நெலத்துக்கு வக்கீல் இல்லீங்க, புள்ளைங்களுக்கு" என்பாள். ஒரு பெரியவர் மோரை மடமடவென்று குடித்துவிட்டு, "புள்ளைங்களுக்கு இன்னாம்மா கேசு? அதுங்க இன்னா வரப்பா வெட்டுது?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அம்மாவுக்கு அரசாங்கத்தின் பிள்ளைகள் நல ஆபீசில் வேலை. வீட்டில் அடிபட்ட பிள்ளை, பஸ் ஸ்டாண்டில் விட்டுப் போன பிள்ளை, செங்கல் சூளையில் வேலைக்கு வைத்திருந்த பிள்ளை, இப்படி யாரையாவது அரசாங்கம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டால், அந்தப் பிள்ளையைத் திரும்ப யாரிடம் கொடுக்கலாம், யாரிடம் கொடுக்கக் கூடாது என்று சட்டம் பார்த்துச் சொல்வது அவள் வேலை. பிள்ளைகளின் கஷ்டத்துக்கு நேரம் காலம் ஏது? சோறு பிசையும்போதும் போன் வரும், எனக்குத் தலை பின்னும்போதும் வரும். பாதிப் பின்னலோடு நான் பள்ளிக்கூடம் போன நாள் உண்டு.

அப்பா வெள்ளாமைக்காரர். வாயில் பழமொழிக்குப் பஞ்சமில்லை. "ஊரார் புள்ளைய ஊட்டி வளர்த்தா தன் புள்ள தானா வளரும்னு சொல்வாங்க. நம்ம புள்ள தானாத்தான் வளருது" என்பார். அம்மா சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

லீவு நாட்களில் அம்மா என்னையும் ஆபீசுக்குக் கூட்டிப் போவாள். பஸ்ஸிலேயே இரண்டு சட்டம் போட்டுவிடுவாள். அங்கே பார்க்கிற எந்தப் பிள்ளையின் பேரையும் வெளியில் சொல்லக் கூடாது என்பது முதலாவது. "ஒரு புள்ளையோட பேரைக் கண்டவங்க காதுல போடுறது தப்பு. அதுக்குச் சட்டமே இருக்கு." இரண்டாவதுதான் எனக்குக் கசந்தது.

"அங்க என்னை அம்மான்னு கூப்பிடாத."

"ஏன்?"

"அம்மா இல்லாத புள்ள இருக்கும். அம்மாவ விட்டுட்டு வந்த புள்ள இருக்கும். நீ ஒருத்தி கூப்பிட்டா அதுங்க எல்லாம் ஏங்கிப் போயிடும்டி."

"அப்ப இன்னான்னு கூப்பிடுறது?"

"எல்லாரையும் மாதிரி மேடம்னு கூப்பிடு."

அப்படியே கூப்பிட்டேன். ஒரு தடவை ஒரு சின்னப் பெண் அழுது அழுது ஓய்ந்து அம்மாவின் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். நான் எதிர் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு அந்த மடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் மடி என்று சொல்ல நாக்குத் துடித்தது. ஆனால் சட்டம் என்றால் சட்டம். வக்கீல் வீட்டுப் பிள்ளை மீறலாமா?

அந்த வருஷம் ஆடியில், வீராம்பட்டினம் தேருக்குக் கூட்டிப் போகிறேன் என்று அம்மா வாக்குக் கொடுத்தாள். அப்பாவுக்கு நடவு இருந்தது. "அன்னிக்கு முழுசும் நீயும் நானுந்தான்" என்றாள். எனக்கு எட்டு வயது இருக்கும். பச்சைப் பாவாடையை முதல் நாளே மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

கோயில் தெருவுக்குள் நுழையும் வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அங்கே மேளமும் அதிர்வேட்டுமாக இருக்கும்போது போன் வந்தது. அந்தச் சத்தத்தில் ஒரு கையில் போனைப் பிடித்து, இன்னொரு கையால் மறு காதைப் பொத்தினால்தான் கேட்கும். என் கைக்கு இடமில்லை. நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன். கூட்டம் ஒரு நெட்டு நெட்டியது. அப்புறம் நிமிர்ந்து பார்த்தால், நான் பிடித்திருந்தது வேறு யாரோ ஒரு அம்மாவின் புடவை.

யாரோ என்னைப் போலீஸ் கொட்டகையில் கொண்டுபோய் விட்டார்கள். கயிறு கட்டிய இடத்துக்குள்ளே என்னைப் போலத் தொலைந்த ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருந்தான். கையில் பலூன் போய் வெறும் குச்சி. "அம்மா, அம்மா" என்று மூச்சு விடாமல் அழுதான். சிவப்புத் தொப்பி போட்ட ஏட்டு என்னிடம் குனிந்தார்.

"பேரு இன்னாம்மா?"

"சொல்ல மாட்டேன்."

"ஏன் கண்ணு? மைக்ல சொன்னாத்தானே உங்கம்மா வருவாங்க?"

"புள்ளைங்க பேரைக் கண்டவங்க காதுல போடக் கூடாது. சட்டப்படி தப்பு."

ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சரி, வூடு எங்க?" அதையும் நான் சொல்லவில்லை. அவர் மைக்கை எடுத்தார். "பச்சைப் பாவாடை கட்டின ஒரு பெண் குழந்தை நம்மகிட்ட இருக்குது. பேரு சொல்ல மாட்டேங்குது. சட்டம் பேசுது. பெத்தவங்க உடனே வாங்கப்பா!"

அதைக் கேட்ட ஆயிரம் பேரில் ஒருத்திக்குத்தான் அது விளங்கியிருக்கும். அம்மா ஓடி வந்தாள். ஒரு காலில் செருப்பில்லை.

"மேடம், உங்க பொண்ணா?" என்று ஏட்டு எழுந்து நின்றார். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா பஜ்ஜி வாங்கிக் குடுத்திருப்பேனே. கூட்டினு போங்க."

பக்கத்தில் இருந்த இளவயசுப் போலீஸ் அக்கா விடவில்லை. "சார், இருங்க. போன வாரம் மேடம்தான் நமக்குக் கிளாஸ் எடுத்தாங்க. தெரிஞ்ச மூஞ்சியா இருந்தாலும், புள்ள தன் வாயால சொல்லாம யார் கையிலயும் குடுக்கக் கூடாதுன்னு." என் பக்கம் திரும்பினாள். "பாப்பா, இவங்க உனக்கு யாரு?"

அந்தப் பையன் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான்.

"மேடம்" என்றேன்.

"இன்னா மேடம், உங்க பொண்ணே உங்களுக்கு எதிரா சாட்சி சொல்லுது!" என்று ஏட்டு சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "பெத்த மனசு பித்து, புள்ள மனசு கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார்.

அம்மா வாயைத் திறந்தாள். அவள் பார்வை அந்தப் பையன் மேல் போய் நின்றது. வாயை மூடிக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு செய்யறது சரிதான்" என்று போலீஸ் அக்காவைக் காட்டிச் சொன்னாள். "எங்க வீட்டுக்காரரை வரச் சொல்றேன். அதுவரைக்கும் இப்படி உட்கார்றேன்."

அப்பாவிடம் பேசிவிட்டு, கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். கயிற்றைத் தாண்டி வரவில்லை. கையை நீட்டவில்லை. மறுபடி போன் அடித்தது. அதை அணைத்துப் பைக்குள் போட்டாள். அம்மா போனை அணைத்து நான் பார்த்தது அன்றுதான். அப்புறம் என்னையே பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, கண் எடுக்காமல் பார்த்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். முழு நாளும் நீயும் நானுந்தான் என்று சொன்னாளே, இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். பின்னாளில் எத்தனையோ பேர் என்னிடம் பிரியமாக இருந்திருக்கிறார்கள். அந்த மாதிரிப் பார்வை மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. அம்மாவிடமிருந்தேகூட.

அப்போதுதான் தேர் வந்தது. அம்மாவுக்குப் பின்னால், பூவும் மணியுமாக ஆடி ஆடி வந்தது. மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் திரும்பித் தலைக்கு மேல் கை கூப்பியது. ஏட்டு தொப்பியைக் கழற்றினார். போலீஸ் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மா மட்டும் திரும்பவில்லை. நான் கண்ணால் ஜாடை காட்டினேன், பின்னால் பாருங்கள் என்று. அவள் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் மேலேயே கண்ணாக இருந்தாள். திரும்பவே இல்லை.

தேர் தெருமுனை தாண்டியதும் ஒரு பெண் தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். பையன் கேள்விக்கெல்லாம் காத்திருக்கவில்லை, "அம்மா!" என்று கத்தினான். "எங்கடா போன, பாவி" என்று முதுகில் ஒன்று வைத்து, அதே கையால் அள்ளி முத்தம் கொடுத்தாள். இரண்டு பேரும் கூட்டத்தில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றும் முற்றும் பார்த்தேன். வேறு பிள்ளை இல்லை. கயிற்றுக்குக் கீழே நுழைந்து ஓடினேன்.

"அம்மா!"

"அடிப்பாவி," என்றாள் போலீஸ் அக்கா. "இத்தனை நேரம் வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"அவன் இருந்தான்ல? ஏங்கிப் போயிடுவான்" என்றேன். அம்மாவை நிமிர்ந்து பார்த்துக் கேட்டேன். "சரியாச் செஞ்சேன்ல?"

அம்மா "சரி" என்று சொன்ன மாதிரி இருந்தது. என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் அப்பா வண்டியில் எதிரே வந்தார்.

"இம்மாம் பெரிய பொண்ணைத் தூக்கினு வர்றியே, இறக்கி வுடு." அம்மா விடவில்லை. அப்பா என்னிடம் கேட்டார். "தேர் எப்படிடி?"

"நான் பார்த்தேன். அம்மாதான் பார்க்கல."

எனக்கு அதுதான் ஆற்றாமை. அவ்வளவு பக்கத்தில் போன தேரை ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் என்ன? அம்மாவின் கழுத்தில் முகத்தை வைத்துக் கேட்டேன். அவள் என்னை இன்னும் இறுக்கிக்கொண்டாள். பாவம், அம்மாவுக்குத் தேர் பார்க்கக் கூடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.