பாதியில் நின்ற சிவப்பு

செஞ்சியில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறையில் சோதனை செய்யும் அந்த அம்மாளைப் பார்த்தேன். ஒல்லியானவர். உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் வேலை செய்வார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் எதையும் பார்ப்பார்.

பிரசவத்தில் என் மனைவிக்கு ரத்தம் நிறையப் போயிருந்தது. அறைக்கு வெளியே நின்ற என் முதுகில் செஞ்சிக் கோட்டைப் பாறையின் அனல். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்: “இன்னும் இன்னாம்மா பண்றீங்க? ரத்தம்தான் பையில ரெடியா இருக்குதே!”

அவர் கோபப்படவில்லை. ஜன்னலருகே வந்து ஒரு கண்ணாடிக் குழாயை மெல்ல ஆட்டிக் காட்டினார். “உங்க சம்சாரம் உடம்பு இந்த ரத்தத்த எதிர்க்குமான்னு ரெண்டு விதமா பாத்தேண்ணா. குழாய்ல பால் திரிஞ்ச மாதிரி ஒண்ணும் இல்ல. எதிர்க்காதுன்னு அர்த்தம்.” குழாயை வைத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் கார்டை நீட்டினார். அதிலிருந்த சின்னக் குழல்களின் கூழ் போன்ற பசைக்குள் ரத்தச் சிவப்பு அடிக்கு இறங்காமல் பாதியில் மாட்டிக்கொண்டு நின்றது. “இது எதிர்க்கும்னு சொல்லுது. எத நம்பறது? நீங்களே சொல்லுங்க, பைய குடுத்துடட்டுமா?”

நான் கம்பியிலிருந்து கையை எடுத்தேன். அவர் பையைத் தரவில்லை.

மாலையில் விழுப்புரத்திலிருந்து பொருந்துகிற ரத்தம் வந்தது, மனைவி பிழைத்துக்கொண்டாள். என் வாயை அடைக்கத்தான் அப்படிக் கேட்டாரா, அவருக்கே தெரியாமல்தான் கேட்டாரா என்று இன்றும் யோசிக்கிறேன். கேட்டபோது, உள்ளேயிருந்து அவரும் அதே கம்பியை இறுகப் பிடித்திருந்தார்.