உள்ளங்கையில் ஒரு சாவி

யாராவது சாவியை எடுத்து மேஜைமேல் வைத்ததும் அவர் முதலில் செய்வது அதைத் தன் உள்ளங்கையால் மூடுவதுதான். பிறகு கடைக்கு வெளியே இரண்டு பக்கமும் ஒரு பார்வை. அதற்கப்புறம்தான், எத்தனை நகல் வேண்டும் என்று கேட்பார். ஒருமுறை எனக்குப் பின்னால் நின்றிருந்த ஒரு பெரிய மனிதர், "என்னங்க, சாவிக்குக் குளிருதா?" என்று கேட்டுவிட்டார். இவர் சிரிக்கவில்லை. "சாவியைப் பல பேர் பாக்கக் கூடாது சார். பாத்துட்டா அப்புறம் அது சாவியில்ல, வெறும் தகடு" என்றார். பெரிய மனிதர் தன் சாவிக்கொத்தை மெதுவாகப் பைக்குள் தள்ளிக்கொண்டதை நான் பார்த்தேன்.

சந்தைக் கட்டடத்தில், மாடிப்படிக்குக் கீழே, கைபேசி உறை விற்கும் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் இருக்கிறது அவருடைய இடம். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். சுவர் முழுக்க ஆணிகள். ஆணிகளில் இன்னும் பல் வெட்டாத சாவிகள். அவற்றை அவர் மொட்டைச் சாவி என்பார். இயந்திரம் ஓடி நின்றதும் அவர் மீசையில் பித்தளைத் துகள் மினுங்கும். சந்தையில் அவருக்கு டூப்ளிகேட் அண்ணன் என்று பெயர். பலகையில் 'டூப்ளிகேட் சாவி' என்று எழுதியிருந்ததில் 'சாவி' மட்டும் மழையில் அழிந்துபோய், மீதி அவர்மேல் ஒட்டிக்கொண்டது என்று செருப்புக்கடைக்காரர் சொல்கிறார். அண்ணனுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பலகையைத் திருத்தி எழுதவும் இல்லை.

சாவி தொலைப்பதில் எனக்கு ஒரு கைராசி உண்டு. அதனால்தான் இவ்வளவு பழக்கம். "என்ன தங்கச்சி, இந்த மாசம் இன்னும் காணோமேன்னு பாத்தேன்" என்று வரவேற்பார். வீட்டுச் சாவி, அலமாரிச் சாவி, கடைசியாகத் தபால் பெட்டிச் சாவி என்று நான் தொலைக்காதது எதுவும் பாக்கி இல்லை.

அவருடைய மூக்குக் கண்ணாடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தடித்த கண்ணாடி, கறுப்புக் கயிறு கட்டிக் கழுத்தோடு மாட்டியிருப்பார். தூங்கும்போதுகூடக் கழற்றுவதில்லை என்று அவர் மனைவியே என்னிடம் குறைபட்டிருக்கிறார். அது இல்லாவிட்டால், "சாவியும் ஸ்பூனும் எனக்கு ஒண்ணுதான்." ஆனால் போட்டுக்கொண்டால் நிலைமை நேர்மாறு. ஒரு தடவை பார்த்த சாவி அவருக்கு மறக்காது. பேருந்தில் எதிர் இருக்கைக்காரர் விரலில் மாட்டிச் சுழற்றுகிற சாவியின் மேடு பள்ளம்கூட மனதில் பதிந்துவிடும். "வேணும்னு பாக்கறதில்ல. பக்கத்து வீட்டுப் பாட்டு காதுல விழற மாதிரி தானா விழுந்துடுது" என்பார். இதை அவர் குறையாகத்தான் சொல்வார். சொல்லும்போது முகத்தில் இருப்பது பெருமை.

ஊரில் பாதிப் பேர் குடியிருக்கிற அந்தச் சமூக வலைத்தளத்தில் அவரும் இருக்கிறார். அவர் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'லைக்கு'. அங்கே தன் முகத்துக்குப் பதிலாக ஒரு பெரிய திண்டுக்கல் பூட்டின் படத்தைப் போட்டிருந்ததால், கணக்கையே யாரோ முடக்கிவிட்டார்கள் என்று நினைத்து நண்பர்கள் பதறிப்போய் வீட்டுக்குத் தொலைபேசி செய்தார்களாம். லைக்கில் அவருக்குத் தலைக்கு மேல் வேலை. புது வீடு வாங்கியவர்கள் சும்மா இருப்பதில்லை. கணவனும் மனைவியும் வாயெல்லாம் பல்லாக நிற்க, நடுவில் சாவியைத் தூக்கிக் காட்டிப் படம் போடுவார்கள். அண்ணனுக்கு நெஞ்சு பொறுக்காது. முன்பின் தெரியாத அவர்களுக்கு எழுதுவார்: "வணக்கம். சாவியின் பல் தெளிவாகத் தெரிகிறது. தயவுசெய்து படத்தை எடுத்துவிடவும். இப்படிக்கு, சாவி வெட்டுபவன்."

பதில்கள் விதவிதமாக வரும். ஒரு பெண் இதயப் படம் ஒன்றை அனுப்பிவிட்டுச் சாவிப் படத்தை அப்படியே விட்டுவைத்தாள். இன்னொருவர் இவரைத் திருடன் என்று சொல்லி, தன் நண்பர்களையும் கூட்டிவந்து நாள் முழுக்கத் திட்டினார். அன்று அண்ணன் என்னவோ சந்தோஷமாகவே இருந்தார். "திட்டினான். ஆனா படத்தை எடுத்துட்டான் பாருங்க" என்றார்.

அவருக்கு ஒரே மகள். செயற்கைப் பல் செய்யும் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். "அப்பன் வெட்டறதும் பல்லு, மக செய்யறதும் பல்லு. எங்க குடும்பத்துக்கே பல்லுதான் சோறு போடுது" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். அந்த மகள் போன வருடத்திலிருந்து அவரோடு பேசுவதில்லை.

காரணத்தை அவரே சொன்னார், எதையும் மறைக்காமல். வேலைக்குப் பக்கத்தில் அவள் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஒரு நாள் காலையிலிருந்து தொலைபேசியை எடுக்கவில்லை. முன்பு அவள் விடுமுறைக்கு வந்தபோது சாப்பாட்டு மேஜையில் கிடந்த அவளுடைய சாவியை இவர் பார்த்திருக்கிறார். இவருக்கு அது போதும். நினைவிலிருந்தே ஒன்று வெட்டி எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்துவிட்டார். அவள் வேலை முடிந்து திரும்பியபோது அப்பா அவளுடைய சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மகள் சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தாராம். அவள் தோள் பையைக்கூட இறக்காமல் வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இது எத்தனாவது தடவைப்பா?"

அவர் குழாயை மூடினார். பொய் சொல்ல வராத மனிதர், ஈரக் கையைத் துடைக்கத் துணி தேடினார். அந்த வாரமே அவள் அறையைக் காலி செய்துவிட்டு ஒரு தோழியோடு போய்விட்டாள். லைக்கிலும் அப்பாவை நண்பர்கள் வட்டத்திலிருந்து எடுத்துவிட்டாள். அம்மாவோடு மட்டும் பேச்சு உண்டு. "உங்க மக நல்லா இருக்கா" என்பதற்கு மேல் அம்மாவிடமிருந்து ஒரு வார்த்தை பெயராது.

ஆனால் மகள் தன் பக்கத்தை மூடவில்லை. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். "மறந்துட்டாளா, இல்ல எனக்காகத்தான் திறந்து வெச்சிருக்காளான்னு தெரியல தங்கச்சி" என்றார். இந்தக் காலத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அதை மூட வேண்டும் என்றே தோன்றுவதில்லை என்பது என் எண்ணம். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டேன்.

மதியம் ஆள் வராத நேரத்தில் அவர் மகளைப் பார்ப்பார். கைபேசியை மேஜைமேல் மல்லாக்க வைத்துவிட்டு, சுண்டு விரலால் மட்டும் ஓரத்தில் தொட்டுத் தொட்டு மேலே தள்ளுவார். தப்பித் தவறி விரல் பட்டு ஒரு விருப்பக்குறி விழுந்துவிட்டால் அவளுக்குத் தெரிந்துவிடுமே என்று பயம். அப்படி எட்டிப் பார்த்தே எல்லாம் தெரிந்து வைத்திருந்தார். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டது, ஒரு கண் தெரியாத பூனையை எடுத்து வளர்ப்பது, காய்ச்சலில் படுத்தது. மற்ற அப்பாக்கள் மகள் தொலைபேசியில் சொன்னதைச் சொல்வதுபோல இவர் இதையெல்லாம் எனக்குச் சொல்வார்.

ஒரு நாள் படியிறங்கிக்கொண்டிருந்த என்னைக் கை காட்டி உள்ளே கூப்பிட்டார். கைபேசியை என் பக்கம் திருப்பினார். விரித்த உள்ளங்கை ஒன்று. அதில் ஒரு புத்தம் புதிய சாவி. கீழே, 'என் வீடு, என் சாவி, என் நிம்மதி' என்று மகள் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே வரிசையாக இதயங்கள்.

"விரல்ல சூடு பட்டிருக்கா பாருங்க. வேலையில கவனம் பத்தாது" என்று முதலில் அதைத்தான் சொன்னார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு மொட்டைச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதே வகைச் சாவி. படத்தைப் பார்த்த உடனே கை தானாகப் போய் ஆணியிலிருந்து எடுத்துவிட்டதாம்.

மகள் போட்ட மற்ற படங்களை எடுத்துக் காட்டினார். ஒன்றில் அவள் வீட்டு மாடியிலிருந்து தெரியும் தண்ணீர்த் தொட்டி. ஒன்றில் எதிரே இருக்கும் மருந்துக் கடையின் பெயர்ப் பலகை. இன்னொன்றில், இந்த வாரம் முழுக்க மாலை வேலை, பூனைதான் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவளே எழுதியிருந்தாள். "வீடு எங்கேன்னு எனக்குத் தெரியும். அவங்கம்மா வாயைத் திறக்கல. இவ படம் படமா சொல்லிட்டா."

வெட்டப்போகிறீர்களா என்று நேராகவே கேட்டேன்.

"கை துறுதுறுங்குது. அது வேற விஷயம்" என்றார். சற்று நேரம் அந்த மொட்டைச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குத் தெரியறது இன்னொருத்தனுக்குத் தெரியாதா? என்னை மாதிரி எத்தனை பேர் இருக்கான். அவனுங்க எல்லாருமா அவளுக்கு அப்பன்?"

சொல்ல வேண்டும்; சொன்னால் இவர் எட்டிப் பார்ப்பதும் சாவியைப் படித்ததும் அவளுக்குத் தெரிந்துபோகும். அவள் பக்கத்தை மூடிவிடுவாள். அதோடு பூனை இல்லை, காய்ச்சல் இல்லை, ஒன்றும் இல்லை. சொல்லாவிட்டால் யாரோ ஒருவனுக்கு அவள் கதவு திறந்தே கிடக்கும். காலையிலிருந்து அவர் இதே இடத்தில் உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். சாப்பாட்டு டப்பா திறக்காமல் கிடந்தது.

நான் எழுதுகிறேன் என்றேன். யாரோ ஒரு பெண் எழுதியதாகத்தானே இருக்கும், அவளும் எடுத்துவிடுவாள், உங்கள் பெயர் எங்கேயும் வராது. அவர் முகம் தெளிந்தது. என் கைபேசியிலேயே நாலு வரி எழுதிப் படித்துக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அனுப்பப் போன சமயத்தில் என் கைபேசியை உள்ளங்கையால் மூடினார்.

"வேண்டாம் தங்கச்சி. இதுவும் அதே வேலைதான். அவளுக்குத் தெரியாம உள்ள போறது."

பிறகு தன் கைபேசியை எடுத்து, பித்தளைக் கறை படிந்த ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி எழுதினார். நடுவில் வந்த இரண்டு பேரை அப்புறம் வரச் சொல்லி அனுப்பினார். முடித்ததும் எனக்குப் படித்துக் காட்டினார். "சாவிப் படத்தை எடுத்துடும்மா. பல்லு தெரியுது. பூட்டை மாத்திடு. வேற ஆளை வெச்சு மாத்து, எனக்குத் தெரிஞ்ச யாரும் வேண்டாம். அப்பா." வேற ஆளை என்ற இடத்தில் அவருக்குக் குரல் ஒரு கணம் நின்றுவிட்டு வந்தது. அனுப்பினார். மொட்டைச் சாவியை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய ஆணியில் மாட்டினார்.

அன்று மாலையே படம் போய்விட்டது. மறுநாள் பக்கமும் போய்விட்டது. மகளின் முகம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறத் தலை. இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை என்பதுபோல் ஒரு வரி. என்னிடம் காட்டினார். அவர் சுண்டு விரலால் அங்கும் இங்கும் தொட்டுப் பார்த்தார். எந்தப் பக்கமும் திறக்கவில்லை.

"நல்லா பூட்டிட்டா" என்றார். தன் வேலையில் தேர்ந்த ஒருவர் இன்னொருவரைப் பாராட்டுகிற குரல்தான் அது. ஆனால் அதன் பிறகு மதிய நேரத்தை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கைபேசியை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, ஆணிகளில் நேராகத் தொங்கிக்கொண்டிருந்த சாவிகளை இன்னும் நேராக்கிக்கொண்டிருப்பார். நான் வேண்டுமென்றே சாவி தொலைத்தால்கூட அவரைச் சிரிக்க வைக்க முடியாது போலிருந்தது.

மழை விட்டிருந்த ஒரு மதியம், துருப்பிடித்த ஒரு பழைய பூட்டைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அவர் முதுகைக் காட்டியபடி இயந்திரத்தில் ஏதோ வெட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பக்கத்தில் குட்டை முடி வைத்த ஒரு பெண் வந்து நின்றாள். நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தேடினாள். கூப்பிடவில்லை, காத்திருந்தாள். அவள் விரலில் ஆறிப்போன ஒரு சூட்டுத் தழும்பைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் திரும்பினார். கை பின்னால் துழாவி இயந்திரத்தை நிறுத்தியது. செருப்புக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

"வேற ஆள்தான்பா மாத்தினார்" என்றாள் அவள். "கொஞ்சம் இறுக்கமா திரும்புது. என்னன்னு பாருங்க."

பையைத் திறந்து சாவியை எடுத்தாள். அவர் முன்னால், விளக்கு வெளிச்சம் நேராக விழும் இடத்தில், மேஜைமேல் வைத்தாள்.

பழக்கத்தில் அவர் உள்ளங்கை சாவியை மூடப் பாதி தூரம் வந்தது. அங்கேயே நின்றது. அந்தக் கையாலேயே மூக்குக் கண்ணாடியைக் கயிற்றோடு தலை வழியாகக் கழற்றினார்; மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்; அதன் பிறகுதான் குனிந்து மேஜையைப் பார்த்தார்.