பவுடர் பூசிய இன்ஜின்

எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் என் பழைய கார் நிற்கும் இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம் உண்டு. கார் கிட்டத்தட்ட என் வயது; ஆயில் ஒழுகினால் ஒழுகட்டும் என்று நான் மன்னித்துவிட்டேன். மனைவி மன்னிக்கவில்லை. அவள் கோலம் போடும் இடம் அது. போதாக்குறைக்கு, ஒருநாள் காரிலிருந்து இறங்கும்போது அவளுடைய பட்டுப்புடவைக் கரை அந்த வட்டத்தில் புரண்டுவிட்டது. கறை போக அவள் படாத பாடு பட்டாள். அன்றோடு காரில் ஏறுவதையே விட்டுவிட்டாள். பண்ருட்டியில் அம்மா வீட்டுக்குக்கூட பஸ்தான்.

"ஞாயித்துக்கெழம நான் கோலம் போட வரச்சே ஒரு சொட்டு இருந்தாலும், வடக்குத்துல இருக்கற பழைய இரும்புக்காரர வரச் சொல்லிடுவேங்க."

சொன்னால் செய்கிறவள்.

ஏற்கெனவே இன்ஜினின் முன்பக்க ஆயில் சீல் மாற்றியிருந்தேன், பின்பக்கம் ஒழுகியது. அதையும் மாற்றினேன், பக்கவாட்டு மூடியில் ஒழுகியது. சனிக்கிழமை எனக்கு நிலக்கரி மைன்ஸில் ஆஃப். பவர் ஹவுஸ் பாய்லரில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு நண்பர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உதவிக்கு வந்தார். இன்ஜினைக் கழுவித் துடைத்துக் காயவைத்தோம். பிறகு மனைவியின் முகப்பவுடரை எடுத்து இன்ஜின் முழுக்கத் தூவினேன். வெள்ளைப் பவுடரில் ஆயில் கசிந்தால் உடனே கோடு விழும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், முன்னால், பின்னால், மூடியோரம், எங்கும் கோடுதான்.

இத்தனையும் ஒன்றாகக் கெடுமா? உள்ளே காற்று சேர்ந்து, ஆயிலைப் பிடித்துத் தள்ளுகிறது என்று பட்டது. இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தேன். புஸ்ஸென்று புகை முகத்தில் அடித்தது.

"பிஸ்டன் ரிங் போயிருச்சு சார். இன்ஜினையே இறக்கணும்," என்றார் நண்பர், துக்கம் விசாரிக்கும் குரலில்.

அப்படியென்றால் காரை இரும்புக்காரரிடம் கொடுத்துவிடலாம். எனக்குக் கோபம் வந்தது, பாவம் அவர் மேல். ரிங் தேய்ந்தால் சைலன்சரில் நீலப்புகை வரவேண்டாமா? வரவில்லையே! காற்று வெளியே போகிற வழி அடைத்திருந்தால்? அதற்கான குழாய் இன்ஜினுக்கு அடியில் தொங்கும். பழைய பாயை விரித்துக் கீழே புகுந்தேன்.

குழாய் வாயில் யாரோ பனியன் துணியைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஆயிலும் நிலக்கரித் தூசியும் ஊறி அது அடைபோலத் தடித்துக் கிடந்தது. எனக்குக் காரை விற்றவரும் மைன்ஸ்காரர்தான். தூசி உள்ளே போய்விடக் கூடாதென்று கட்டியிருப்பார். அவரைத் திட்ட வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் மிக்சி, டிவி எல்லாம் துணி போர்த்திக்கொண்டுதான் இருக்கின்றன.

துணியை அறுத்துக் குழாயைச் சுத்தம் செய்து, ஓடவிட்டு, மறுபடி மூடியைத் திறந்தோம். லேசாக மூச்சு விடுவதுபோல் காற்று வந்தது, அவ்வளவுதான்.

"பாய்லர்காரன் நான், அடைச்சா பிரஷர் ஏறும்னு எனக்கே தோணலியே!" என்று நண்பர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

வட்டத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஒரு ரவுண்டு ஓட்டி வந்து காரை அங்கேயே நிறுத்தினேன். ஞாயிறு காலை ஜன்னலோரம் ஒளிந்து நின்றேன். மனைவி குனிந்து காருக்கடியில் பார்த்தாள். நம்பாமல் தரையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அந்த விரலைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டு கோலம் போட உட்கார்ந்தாள். எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல் இருந்தது.

முடித்துவிட்டு உள்ளே வந்தவள், காலி பவுடர் டப்பாவை என் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"பவுடரு பூராவும் உங்க வண்டிக்கே போட்டாச்சு. கெளம்புங்க, பண்ருட்டில வாங்கிக்கினு அப்படியே அம்மாவையும் பாத்துட்டு வந்துடலாம்."

"பஸ்ஸிலயா?"

"வாசல்ல வண்டி நிக்கச்சே எதுக்குங்க பஸ்ஸு?" என்றபடி, பட்டுப்புடவையை எடுக்க பீரோவைத் திறந்தாள்.