சுருளியம்மாள் கொடுத்த இரும்பு

சாந்தன்பாறைக்கு மேலே ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் யாருக்காவது முகம் வெளுத்தால், டிஸ்பென்சரிக்குப் போவதற்கு முன் சுருளியம்மாள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். போடியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். காய் எடுப்பதில் சுமாரான கைதான். ஆனால் சுவரொட்டி என்று அவர்கள் சொல்லும் ஆட்டு மண்ணீரலை, மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு இரும்புச் சட்டியில் வதக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பிள்ளை பெற்ற பெண்கள் அதைத் தின்று, அதிலுள்ள இரும்புச் சத்தில் தேறியிருக்கிறார்கள்.

அதனால் காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்க்கும் அவள் புருஷன் சுடலைமணிக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்கியபோது அவள் கலங்கவில்லை. டிஸ்பென்சரி நர்ஸ் ரத்தம் பார்த்து, இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தாள்.

"வெளிக்கி கறுப்பாப் போகும், பயப்படாதீங்க. மாத்திரை தீந்ததும் மறுபடி வந்து ரத்தம் பாக்கணும்."

முதல் பாதிதான் சுருளியம்மாள் மனதில் நின்றது. ஞாயிறுதோறும் பூப்பாறைக் கறிக்கடைக்குப் போனாள்.

"அக்கா, ஆட்டுக்கு ஒரு சுவரொட்டிதான். ரெண்டு வச்ச ஆட்ட அண்ணனுக்காக நான் எங்க போய்ப் பிடிக்க?" என்பான் கடைக்காரன் செபாஸ்டின். ஆனாலும் எடுத்து வைத்திருப்பான்.

"வெட்டப்போற கெடாய்க்கு இப்பிடித்தான் தீனி போடுவாங்க" என்று முனகுவான் சுடலைமணி.

"பேசாமத் தின்னுங்க. கறுப்பாத்தான போகுது?"

"போகுது."

"அப்ப சத்து சேருது."

மழைக்காலம் முழுக்க அந்தக் கறுப்பே அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அவனோ இளைத்துக்கொண்டே போனான். இரண்டு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிட்டது என்றான். ஒருநாள் ஸ்டோர் வாசலில் மயங்கி விழுந்தவனை ஜீப்பில் போட்டு மலையிறக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்த மலையாளி டாக்டர் ரிஞ்சு, இருவரையும் உட்கார வைத்து இரைப்பையில் புற்றுநோய் என்றார். கறுப்பாகப் போவது எப்போதிருந்து என்று கேட்டார்.

"அது மாத்திரைனால டாக்டர்" என்றாள் சுருளியம்மாள்.

சுடலைமணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மாத்திரைய அப்பவே விட்டுட்டேன். வயிறு கட்டிக்கிச்சு. சொன்னா நீ ஏசுவேன்னு ஏலச் செடிக்குள்ள வீசிட்டேன்."

"பெறகு எப்படிங்க கறுப்பா..."

"ஒஞ் சுவரொட்டினாலன்னு நெனச்சேன்."

அந்தக் கறுப்பு, வயிற்றுக்குள் கசிந்த அவனுடைய ரத்தம். இருவரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு அதை ஆளுக்கொரு காரணம் சொல்லி விட்டுவிட்டார்கள்.

சுருளியம்மாள் எழுந்து நின்றாள். "இரும்பு கூடிப்போயி நானேதான் இத வரவச்சுட்டேனா?"

"அம்மா, சில சத்து கூடினாலும் கேடு, கொறஞ்சாலும் கேடு. பக்ஷே இவருக்கு எதுனால வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது. நீங்க குடுக்கறதுக்கு முன்பே ரத்தம் போயிட்டிருந்திருக்கும். அதான் வெளுத்திட்டார். அன்னைக்கே வந்திருக்கணும்" என்றார் டாக்டர். அவ்வளவு ரத்தக் குறைவோடு வயிற்றைத் திறக்க முடியாது; முதலில் இரும்புச் சத்தை ஊசி வழியாக ஏற்ற வேண்டும் என்றும் சொன்னார்.

வார்டில் நர்ஸ் பாட்டிலைத் தொங்கவிட்டபோது சுருளியம்மாள் பாய்ந்து குழாயைப் பிடித்துக்கொண்டாள்.

"இரும்பு வேண்டாம். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். நான் போட்டதே போதும்."

"விடுங்கம்மா. ரத்தம் ஏறலன்னா ஆபரேஷன் இல்ல."

"ஆபரேஷன் இல்லன்னா?"

நர்ஸ் கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தாள்.

"கைய எடு, சுருளி. ஏறட்டும்" என்றான் சுடலைமணி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது.

அவள் கையை எடுத்தாள். காப்பி நிறத்தில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. கட்டிலடியில் உட்கார்ந்து, வெளுத்துக் கிடந்த அவன் நகக்கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டில் காலியாயிற்று. நகங்கள் அப்படியேதான் இருந்தன. ஓடிப்போய் நர்ஸின் முந்தானையைப் பிடித்தாள்.

"சிஸ்டர், இன்னொண்ணு போடுங்க. ரெண்டாப் போடுங்க."

"ஒரு நாளைக்கு இவ்வளவுதான். கூடினா ஒடம்பு தாங்காதும்மா."

சுருளியம்மாள் அந்த முந்தானையை விடவில்லை.