கோபுரக் கரை போட்ட கம்பளி

துணியில் இழை தொங்கக் கண்டால், கண்டவர் அதை அங்கேயே நறுக்கிவிட வேண்டும். எங்கள் வீட்டு விதி இது. பிறப்பித்தவர் யாரென்று தெரியாது. என் சிறுவயதில் அதை அமல்படுத்தும் முழு அதிகாரமும் பெரியப்பாவிடம் இருந்தது. அவர் இடுப்பில் எந்நேரமும் ஒரு சின்னக் கத்தரிக்கோல் செருகியிருக்கும். என் பாவாடை ஓரமானாலும் சரி, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் வேட்டியானாலும் சரி, அவர் கைக்குத் தப்பாது.

நல்ல விதிதான். அரசுப் பணியில் நான் படித்த விதிகளில் பாதிக்கு மேல் விலக்குகளாகவே இருந்தன. இதற்கு மட்டும் விலக்கு எழுத யாருக்கும் தோன்றவில்லை. நீளவாட்டில் பாவும் குறுக்கே ஊடையும் இல்லாமல் ஒரு துணி இருக்க முடியும் என்பதே பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்குத் தெரியாது.

அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் அத்தை, அப்பாவின் தங்கை. அவர் வீட்டுக்காரரான மாமா எங்கள் வீட்டுத் தறியில்தான் நெய்துகொண்டிருந்தார். ஒருமுறை அவர் நெய்த கோபுரக் கரைப் புடவையில், கரையும் உடலும் சேருமிடத்தில் சில இழைகள் விட்டுப்போயின. அந்தச் சேர்க்கைக்குக் கோர்வை என்று பெயர். காஞ்சிபுரத்தில் கல்யாணம் முறிந்தால்கூடப் பேசித் தீர்ப்பார்கள். கோர்வை விட்டால் மன்னிப்பு கிடையாது. பெரியப்பா புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து, நாலு பேர் பார்க்கக் கரையைத் தனியாகக் கிழித்துக் காட்டினார்.

"தறியில உக்கார லாயக்கில்ல. போய் மூட்டை தூக்குப்பா" என்றார்.

மாமா சொல்பேச்சு கேட்டார். மிலிட்டரியில் சேர்ந்து மூட்டை தூக்கப் போய்விட்டார். அத்தையிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. எதிர்வீட்டுப் பையனும் அதே படையில் இருந்ததால் விலாசம் மட்டும் தெரிந்தது. மாமாவை எங்கோ வடக்கே, பனி கொட்டும் மலையில் போட்டிருக்கிறார்கள் என்றும் தெரிந்தது. அத்தை எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பியதும் ஓடிப்போய்க் கேட்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருந்தது. அவர் தூரத்திலிருந்தே கையை விரிப்பார்.

அப்போதுதான் அத்தை எழுதுவதை நிறுத்திவிட்டு, மாமாவுக்கு ஒரு கம்பளிப் போர்வை பின்ன ஆரம்பித்தார். என் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்த டீச்சர் ஊட்டிக்காரர். அவரிடம் போய்க் கற்றுக்கொண்டு, பட்டணத்திலிருந்து உல்லன் வரவழைத்தார். உடலுக்கு அரக்கு நிறம், கரைக்கு மாம்பழ மஞ்சள்.

எங்கள் வீட்டில் துணி என்றால் பாதி வீட்டை அடைத்த தறி. கால் மிதிக்க ஒரு குழி. பாவு விரிக்க, விடியற்காலையில் தெருவின் நீளம் முழுக்க வேண்டும். அந்த நேரத்தில் மாடு குறுக்கே வந்தால் நாலு வீட்டு ஆட்கள் எழுந்து ஓடுவார்கள். அத்தைக்கு வேண்டியது இரண்டு குச்சி. குழாயடியில் குடம் நிறையும்வரை பின்னினார். உலை கொதிக்கும்வரை பின்னினார். கையைப் பார்க்காமல் அம்மாவோடு பேசிக்கொண்டே பின்னினார். குச்சிகள் ஒன்றையொன்று கொத்துவது போலிருக்கும், சத்தம்கூடச் சரியாகக் கேட்காது. ஆனால் கீழே துணி இறங்கிக்கொண்டே இருக்கும். நான் எதிரில் உட்கார்ந்து, அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கோயிலில் கற்பூரம் காட்டும்போதுகூட நான் அவ்வளவு நேரம் கண் கொட்டாமல் இருந்ததில்லை.

பெரியப்பா தறியிலிருந்து கழுத்தை நீட்டுவார்.

"பாவு எங்கமா?"

"பாவு இல்லண்ணா."

"ஊடை?"

"அதுவும் இல்ல."

"அப்ப அது துணியில்ல. வலை. ஏரியில போட்டா மீனு மாட்டும்."

சொல்லிவிட்டு, ஊடை நூல் ஓட்டும் நாடாவைத் தறியில் எறிவார். அடுத்த நிமிடம் மறுபடியும் எட்டிப் பார்ப்பார்.

நீளம் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. மாமாவின் உயரத்துக்கு வீட்டில் பெரியப்பாதான் இருந்தார். அதை வாய்விட்டுச் சொல்லாமல், "அண்ணா, சும்மா நில்லுங்க" என்று அத்தை போர்வையை அவர் தோளில் போட்டார். அந்தப் புழுக்கத்தில் நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. அவர் நகரவில்லை. "இன்னும் ஒரு சாண் வோணும். அவன் முதுகு அகலம்" என்றார். மாமாவைப் பற்றி அவர் வாயைத் திறந்தது, போனபின் அதுவே முதல் தடவை.

கடைசியாக மஞ்சள் கரை. அதற்குக் குச்சியில்லை, நுனி வளைந்த குரோஷா ஊசி. டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி சிப்பி சிப்பியாகக் கரை கட்டி முடித்த வெள்ளிக்கிழமை, போர்வையை மடித்துக் கூடத்தில் வைத்துவிட்டு அத்தை அம்மாவோடு காமாட்சி கோயிலுக்குப் போனார்.

கரையின் முனையில் ஒரு மஞ்சள் இழை தொங்கிக்கொண்டிருந்தது.

பெரியப்பா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர் அதைக் கண்டார். விதி இருந்தது, கத்தரிக்கோல் இருந்தது. கடைசி முடிச்சோடு சேர்த்து ஒட்ட நறுக்கினார். நறுக்கிய இடத்தில் ஒரு சின்னச் சுருக்கு எட்டிப் பார்த்தது. அது அவர் கண்ணை உறுத்தியது. பிடித்து இழுத்தார். ஒரு சிப்பி காணாமல் போனது.

நெய்த துணியில் ஊடை இழையை இழுத்தால் கரைவரை வந்து நின்றுவிடும். நிற்கும் இடம் வந்ததும் நறுக்கலாம் என்று அவர் இழுத்தார். நிற்கவில்லை. சிப்பிகள் ஒவ்வொன்றாகக் கண் திறப்பது போலத் திறந்து மறைந்தன. அவர் கை வேகம் குறைத்தது, ஆனால் நிறுத்தத் தெரியவில்லை. நானும் தடுக்காமல், கிட்டே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டுப்புடவையை வெட்டலாம், கிழிக்கலாம், எரித்துச் சரிகையை எடுக்கலாம். திரும்ப நூலாக்க முடியாது என்றுதான் பிறந்ததிலிருந்து பார்த்திருந்தேன். இங்கே ஒரு துணி தான் வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

நாலு பக்கமும் சுற்றி முடிந்தபின் அரக்கு நிறம் வந்த இடத்தில் தானாக நின்றது. பெரியப்பாவின் மடியில் சுருள் சுருளாக மஞ்சள் குவியல்.

"மொத்தமும் ஒரே இழை" என்றார் என்னிடம். தலைமுறையாக நெய்தவர் முகத்தில் அப்படி ஒரு வியப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அத்தை குங்குமத்தோடு உள்ளே வந்தார். குவியலைப் பார்த்தார். அம்மா, "ஐயோ, கண்ணு பட்டுடுச்சி" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தை அரக்குப் பகுதியைத் தடவித் தடவிப் பார்த்தார். அது சேதமில்லாமல் இருந்தது. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நான் எது செஞ்சாலும் நிக்க மாட்டேங்குது" என்றார்.

பெரியப்பா மன்னிப்புக் கேட்கும் வழக்கமுடையவர் அல்ல. கத்தரிக்கோலை இடுப்பிலிருந்து எடுத்துத் தறிக்குழியில் போட்டார். இரண்டு கையையும் முன்னால் நீட்டினார்.

"சிக்காயிடப் போவுது. என் கையில சுத்துமா."

அத்தை சுற்றினார். கையில் மஞ்சள் நூலோடு, விலங்கு மாட்டிய ஆள் போல அவர் உட்கார்ந்திருந்தார். பாதி சுற்றியதும் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"சிப்பி வேணாம். கோபுரக் கரை போடு."

"இதுல வருமாண்ணா?"

"சும்மா போடு, வரும். நான் கணக்கு சொல்றேன். ஏறி ஏறி வந்து இறங்கணும்."

அத்தை அவரை நிமிர்ந்து பார்த்தார். அதிலென்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. கரையில் எத்தனையோ வகை உண்டு. அவர் ஏன் இதைச் சொன்னார், அத்தை ஏன் அப்படிப் பார்த்தார் என்று கேட்க எனக்கு வயதுமில்லை.

அதன்பின் சில நாட்கள் தறி ஓடவில்லை. ஊசி அத்தையின் கையில், கணக்கு பெரியப்பாவின் வாயில். இருவரும் சண்டை போட்டுக்கொண்டே கரையை முடித்தார்கள். மஞ்சளில் கோபுரம் கோபுரமாக எழுந்து அரக்கைக் கவ்விக்கொண்டது. முடிந்ததும் பெரியப்பா கரையை ஒரு கையாலும் உடலை ஒரு கையாலும் பிடித்து, தறியில் செய்வதுபோல் இழுத்துப் பார்த்தார். பிறகு போர்வையை அத்தையிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார்.

காடாத் துணியில் தைத்து, அரக்கு முத்திரை வைத்து, ஒப்புகை அட்டையோடு பார்சல் போயிற்று. தபால் நிலைய எழுத்தர், "காஞ்சிபுரத்துலருந்து பட்டுதான் போவும். இது இன்னாம்மா?" என்று கேட்டார். அத்தை உள்ளே கடிதம் எதுவும் வைக்கவில்லை.

அட்டை திரும்பி வந்தது. கையெழுத்து யாருடையது என்று புரியவில்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழுந்ததும் பதிலே வந்துவிட்டதாக இந்தக் காலத்தில் நினைக்கிறார்கள். பெறப்பட்டது என்பது பதில் ஆகாது. பணிக்காலம் முழுக்க இதை நான் பலருக்கு விளக்கியிருக்கிறேன். நான் தபால்காரரிடம் ஓடுவதை நிறுத்தவில்லை. பொங்கல் போயிற்று, பங்குனித் திருவிழா போயிற்று. அவர் கையை விரித்துக்கொண்டே இருந்தார்.

கோடை முற்றிய ஒருநாள், தெருவில் கால் வைக்க முடியாத வெயிலில், பஸ் நிலையப் பக்கமிருந்து தகரப் பெட்டியோடு ஒருவர் நடந்து வந்தார். கழுத்திலிருந்து முழங்கால்வரை அரக்குக் கம்பளி. மஞ்சள் கோபுரங்கள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன.

"இன்னாபா, காய்ச்சலா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

"குளிருதுபா" என்றார் மாமா. வேர்வை தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

தெரு சிரித்தது. நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் வேறு யாரும் சிரிக்கவில்லை. அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமா அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, நேராகத் தறிக்குழி முன்னால் போய் நின்றார். பெரியப்பா எழுந்து கரையைக் கையில் எடுத்தார். கோபுரத்தின் உச்சியில் ஒரு மஞ்சள் இழை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கை பழக்கத்தில் இடுப்புவரை போயிற்று. அங்கேயே சற்று நின்றது. பிறகு அந்த இழையை விரலால் உள்பக்கமாக மடக்கிவிட்டு, "சாப்டியாபா?" என்றார்.

மாமா இல்லை என்று தலையை ஆட்டினார். அத்தை உள்ளே போய் இலை போட்டார்.

இத்தனையும் பார்த்துவிட்டு, மறுநாள் நான் வழக்கம்போல் தெருமுனைக்கு ஓடி, அத்தைக்குப் பதில் வந்ததா என்று தபால்காரரைக் கேட்டேன். இல்லை என்று அவர் கையை விரித்தார். நான் வருத்தத்தோடு திரும்பினேன்.

பிற்பாடு, வந்த பதில்களுக்கெல்லாம் வந்த தேதியைக் குறித்து வைப்பதே என் உத்தியோகமாயிற்று. இது ஒன்றைத்தான் குறிக்கத் தவறினேன். இப்போது குறிக்கிறேன். பதில் கிடைத்த தேதி: அக்கினி நட்சத்திரம் தொடங்கிய நாள், நண்பகல்.