கயிற்றுக்கு அந்தப் பக்கம்

அக்காவைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இதை மறைத்துப் பேச எனக்கு வராது. அவளுக்குப் பல்லடத்தைத் தாண்டித் தோட்டம், பெரிய வீடு, ஆயிரக்கணக்கில் கறிக்கோழி வளரும் பண்ணை. எனக்கு அருள்புரத்தில் லைன் வீடு, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, வீட்டுக்குப் பின்னால் நாலு நாட்டுக்கோழி.

கேரளாவில் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. எல்லையில் வண்டிகளுக்கு மருந்தடித்தார்கள். போனில் அக்காவிடம் “அய்யோ பாவமே” என்றேன். அவளும் கொஞ்சம் பயந்து பார்க்கட்டுமே என்றுதான் உள்ளுக்குள் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனபோது பண்ணைக் கேட்டில் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. கீழே சுண்ணாம்புத் தூள், பக்கத்தில் ஒரு தொட்டி நிறைய மருந்துத் தண்ணீர்.

“அங்கயே நில்லு கண்ணு” என்றாள் அக்கா. “நீ நாட்டுக்கோழி வெச்சிருக்கறயல்ல. அந்தச் செருப்போட உள்ள வந்தா நோவு ஒட்டிக்குமாமா. குஞ்சு குடுக்கற கம்பெனில கண்டிசனாச் சொல்லிப்போட்டாங்க.”

குழம்புத் தூக்குவாளியைக் கயிற்றுக்கு மேலே நீட்டினாள். அதே நேரம் கம்பெனி சூப்பர்வைசர் பைக்கில் வந்து இறங்கி, தொட்டியில் காலை முக்கி எடுத்து, கயிற்றைத் தாண்டி உள்ளே போனார். ஊரான் போகலாம், கூடப் பிறந்தவள் போகக் கூடாது. பஸ்ஸில் வீடு சேரும்வரை எனக்கு ஆறவில்லை.

அடுத்த புதன்கிழமை அவர்கள் காங்கேயத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நான் லீவு போட்டுவிட்டுப் பின்பக்க வேலிச் சந்து வழியாக உள்ளே நுழைந்தேன். என் கோழிகளுக்கு நடுவே போட்டு மிதிக்கும் அதே செருப்பு. கொட்டகையின் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வேறொன்றும் செய்யவில்லை. நின்றதே எனக்குப் போதுமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை என் கோழிகளில் ஒன்று செத்துக் கிடந்தது. இன்னொன்று இறக்கையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தது. அக்கா கொட்டகையில் ஒரு கோழிகூடச் சாகக் கூடாது என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக அவளுக்காகச் சாமி கும்பிட்டேன். கும்பிட்டால் மட்டும் தீருமா? கால்நடை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு, காலைக் கழுவி, வெறுங்காலோடு அவள் கேட்டுக்குப் போனேன்.

என்னைக் கண்டதும் அவள் ஒரு புதுச் செருப்பை எடுத்து வந்தாள்.

“உன்ற அளவுதான். சூப்பர்வைசர்கிட்டக் கேட்டு வாங்கி வெச்சேன். இனி தொட்டில காலை நனைச்சுட்டு, இதைப் போட்டுட்டு நீ உள்ள வரலாம்.”

“நான் புதன்கெழமையே வந்துட்டனுங்க்கா” என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. செருப்பை ஆணியில் மாட்டிவிட்டு மாமாவைக் கூப்பிட ஓடினாள்.

என் கோழிகளுக்கு வந்தது பறவைக் காய்ச்சல் இல்லை, நாட்டுக்கோழிகளுக்கு வழக்கமாக வரும் வெள்ளைக் கழிச்சல். அக்கா கோழிகளுக்கு அதற்குத் தடுப்பு மருந்து போட்டிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அந்தச் செருப்பைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதும் போகிறேன். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று குழம்பு வாங்கிக்கொண்டு வருகிறேன்.

போன வாரம் அவள் நாத்தனார் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே நடந்துகொண்டிருந்தாள். அவள் காலுக்கு அது பெரிசாக இருந்தது.